கோரைக்கு உப்பு, பாம்புக்குக் கார்பாலிக்

ஊர் ஓரத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோனவர்களுக்கு முதல் ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் தெருவில் ஒரு பேச்சு கிளம்பும். "கோரை மண்டிப் போச்சு, சாரையோ நல்லதோ ஒண்ணு வேற அலையுது, எதையாவது வாங்கி அடிச்சு விடுங்க." அந்த 'எதையாவது'க்கு இன்று ஊரெல்லாம் ஒரே மாதிரி பதில்தான். களைக்கு உரக்கடையில் களைக்கொல்லி. விஷம் வேண்டாம் என்று தயங்குகிறவர்களுக்குக் கல்லுப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றும் கலந்த 'இயற்கை' மருந்து. பாம்புக்குக் கார்பாலிக் ஆசிட். அது கிடைக்காவிட்டால் பூண்டுத் தண்ணீர், அந்துருண்டை. எதற்கும் அடங்காவிட்டால் வாசலிலிருந்து மதில்வரை பேவர் கல்.

கேட்பதற்கு வெவ்வேறு யோசனைகள். அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கை. வீட்டைச் சுற்றி முளைப்பதும் ஊர்வதும் வெளியிலிருந்து படையெடுத்து வருபவை. அவற்றைத் துடைத்தெறியச் சரியான சரக்கு ஏதோ ஒரு கடையில் இருக்கிறது. படித்தவர், படிக்காதவர், இயற்கை வேளாண்மை பேசுபவர், பேசாதவர் எல்லோரும் இதில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் என் காரணம் அதைவிடச் சாதாரணமானது. ஊற்றும் எதுவும் வேலை செய்வதில்லை. களை பிழைப்பது திறந்து கிடக்கும் மண்ணால், பாம்பு வருவது சிந்திக் கிடக்கும் சோற்றால். பாட்டில் இவை இரண்டையும் தொடுவதே இல்லை.

கோரையிலிருந்து தொடங்குவோம். உலகின் மிக மோசமான களைகளை லெராய் ஹோமும் அவர் சகாக்களும் 1977-ல் ஒரு நூலாகத் தொகுத்தபோது முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். ஈரமான நாளில் ஒரு கோரையைப் பெயர்த்துப் பாருங்கள். இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். மண்வெட்டியை ஒரு சாண் ஆழத்துக்குச் செருகி மண்கட்டியோடு தூக்கி, விரலால் உதிர்க்க வேண்டும். தண்டின் அடியில் முதலில் ஒரு சின்னக் குமிழ் தெரியும். அதிலிருந்து விறைத்த பழுப்பு நிற வேர்த்தண்டு ஒன்று பக்கவாட்டில் ஓடும். அதன் முனையில் கறுத்து, செதில் படிந்த ஒரு கிழங்கு. அங்கிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு கிழங்கு. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், கற்பூரமும் வெட்டிவேரும் சேர்ந்த மாதிரி மணக்கும். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டால் எடைபோட்டுக் கொடுப்பது இதைத்தான்.

இந்தச் சங்கிலியில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் இருக்கும் கிழங்கு முளைத்திருக்கும்வரை பின்னால் இருப்பவை பெரும்பாலும் தூங்கும். சங்கிலியை அறுத்துவிட்டால் தூங்கியவை தனித்தனியாக முளைக்கும். ஆளை விட்டு மண்வெட்டியால் கொத்திப் போட்ட தோட்டத்தில், பத்து இருந்த இடத்தில் முப்பது முளைப்பது இதனால்தான். இப்போது இதன் மேல் வினிகரை ஊற்றுங்கள். சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அது இலையைக் கருக்கும், அவ்வளவுதான். கீழே கிழங்குக்குத் தகவலே போகாது. மறுநாள் கருகிய இலையைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்தை எடுத்த படத்தை யாரும் அனுப்பியதாக நான் பார்த்ததில்லை.

உரக்கடைக் களைக்கொல்லியான கிளைபோசேட் இதைவிட வலியது, மறுக்கவில்லை. 1974-ல் சந்தைக்கு வந்த சரக்கு. இலை வழியாக இறங்கி, அந்தச் செடியோடு உயிர்த்தொடர்பில் உள்ள கிழங்குவரை போகும். ஆனால் தூங்கும் கிழங்குக்குப் போதுமான அளவு போய்ச் சேராது. தொடர்பு அறுந்து தனியாகக் கிடப்பதற்குப் போகவே போகாது. அவை அடுத்த மழைக்கு எழும். மறுபடி அடிக்க வேண்டும், மறுபடியும். நூறு ஏக்கர் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். முருங்கையும் கறிவேப்பிலையும் கிணறும் நாலு அடிக்குள் இருக்கும் கொல்லைக்கு? இந்தியாவில் அதற்கு அனுமதி இருப்பதே தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணை, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாக அல்லாமல் யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. உரக்கடையில் பாட்டிலை வாங்கிக் கைத்தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளும் எத்தனை பேருக்கு இது தெரியும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்ததையும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்காததையும் பற்றிப் பெரிய சண்டை நடக்கிறது. என் வாதம் அந்தச் சண்டையின் முடிவை நம்பி நிற்கவில்லை. இன்னொரு களைக்கொல்லியான பாராகுவாட் பற்றி மட்டும் சண்டைக்கே இடமில்லை. கொஞ்சம் வாய்க்குள் போனாலே உயிர் போகலாம், முறிமருந்து கிடையாது. அதைக் குளிர்பான பாட்டிலில் 'கொஞ்சமாக' ஊற்றி வாங்கிவந்து மாடிப்படிக்குக் கீழே வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

உப்புக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் அவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். உப்பு அடுக்களையில் இருப்பது, ஆகவே தீங்கில்லை என்பது அவர்கள் தர்க்கம். மண்ணில் போட்ட உப்பு எளிதில் போவதில்லை. அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும். மண் காய்ந்தால் மேலே வெள்ளை பூத்து ஓடாக இறுகும், நனைந்தால் சேறாகக் குழையும், தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். கிணறு பக்கத்தில் இருந்தால் மிச்சம் அங்கே சேரும். கோரை கொஞ்ச நாள் அடங்கும்; பிறகு அந்த உவர் மண்ணிலும் முதலில் எழுந்து வருவது அருகம்புல்லாகத்தான் இருக்கும். கத்தரியும் வெண்டையும் வரா. 2004 டிசம்பரில் கடல் உள்ளே புகுந்த நாகப்பட்டினம் வயல்களில் அந்த உப்பை வெளியேற்ற விவசாயிகள் பட்ட பாட்டை அந்தப் பக்கம் போய்க் கேளுங்கள். மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மண்ணை மீட்டார்கள். சுனாமி இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனதை நாம் மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறோம். அதற்கு இயற்கை முறை என்று பேர்.

இந்த இடத்தில் சிலர் பழமொழியை எடுப்பார்கள். "களை பிடுங்காப் பயிர் கால் பயிர்." பெரியவர்களே களையை விடாதே என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? சொன்னார்கள். பயிர் உள்ள இடத்தில், பயிருக்காக, கையால். காய்கறிப் பாத்தியில் களையால் விளைச்சல் குறைவது பெரும்பாலும் நட்ட முதல் முப்பது, நாற்பது நாளில்தான். அந்த நாள்களில் களைக்கொத்தியோடு உட்காராதவனுக்குப் பிறகு எந்த மருந்தும் பயன்படாது. அந்த நாள்களைத் தாண்டிப் பயிர் தழைத்து நிழல் விழுந்துவிட்டால் களை தானே ஒடுங்கும். கொல்லையில் பயிரே இல்லாத வெற்று இடத்தைப் பளிச்சென்று செதுக்கி வைக்கச் சொல்லி எந்தப் பெரியவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்படிச் செதுக்கி வைப்பதுதான் வினையே. மண்ணுக்குள் வருடக்கணக்கில் களை விதை கிடக்கிறது. பொடி விதைகளில் பலவற்றுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒவ்வொரு முறை கொத்திக் கிளறும்போதும் ஆழத்தில் கிடந்ததை மேலே கொண்டுவந்து வெயில் காட்டுகிறோம். வெற்று மண் எப்போதும் வெற்றாக இருக்கப் போவதில்லை. அங்கே எது வளர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் கோரை முடிவு செய்யும்.

கோரைக்கும் அருகுக்கும் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது: நிழல். இரண்டும் கொளுத்தும் வெயிலில் கொழுக்கும் இனம். சர்க்கரைவள்ளிக் கொடி, தட்டைப்பயறு, பூசணி, நெருக்கி விதைத்த சணப்பு இவற்றில் ஏதாவது ஒன்று மண்ணை முழுதாக மூடிவிட்டால் அவை இளைத்துப்போகும். அதற்கு முன்னால் சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட வேண்டும். கொத்திச் சிதைக்காமல் கட்டி கட்டியாகப் பெயர்த்து, கையில் அகப்படும் கிழங்கையெல்லாம் பொறுக்கிவிட்டு, மிச்சத்தைக் காய விட வேண்டும். கோரைக் கிழங்கு வெள்ளத்தைத் தாங்கும், பிளாஸ்டிக் விரிப்பையும் குத்திக்கொண்டு வரும். ஆனால் உலர்ந்தால் செத்துவிடும். பிறகு முளைப்பதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விடாமல் கிள்ள வேண்டும். இலை இல்லாவிட்டால் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் அடுத்த இலையை விட முடியும். சேமிப்பு தீரும்வரை விடக் கூடாது. ஒரு பருவத்தில் முடியாது, இரண்டு மூன்று ஆகும். அலுப்பான வேலை என்பதை மறைக்கவில்லை. இன்னொன்று, கோரை எப்படி வீட்டுக்குள் வந்தது என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அது லாரியில் கொட்டிய செம்மண்ணோடும் நர்சரிப் பையோடும் வந்தது. பணம் கொடுத்து இறக்கியதைத்தான் பணம் கொடுத்து அழிக்கப் பார்க்கிறோம். மண் லோடு வந்தால் கொஞ்சத்தை எடுத்து ஈரப்படுத்தி, வெயில் படும் இடத்தில் பத்துப் பதினைந்து நாள் வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாத்தியில் சேருங்கள்.

எதிர்த் தரப்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. களை என்று எதுவுமே இல்லை, எல்லாம் மூலிகை என்பார்கள். பாதி உண்மை. பருப்புக்கீரை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, மணத்தக்காளி இவற்றைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுச் சந்தையில் கீரைக்கட்டு வாங்குவது கிறுக்குத்தனம்தான். தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் பூத்தால் தேனீ வரும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பார்த்தீனியத்தை என்ன செய்வீர்கள்? 1950-களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு நாடெங்கும் பரவிய செடி அது. தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும், மகரந்தம் மூக்கில் ஏறினால் இளைப்பு. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். அதனிடம் கருணைக்கு வேலையில்லை. கையுறை போட்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் பிடுங்குவது விதை தூவுகிற வேலையாக முடியும். இதற்கும் பாட்டில் தேவையில்லை, மழைக்குப் பிறகு ஒரு காலைப்பொழுது போதும்.

முளைப்பவை போதும். இனி, கொல்லைக்குள் வருகிறவர்கள்.

பாம்புப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழக அரசு 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்தது. குழந்தை விளையாடும் வாசலில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் தத்துவம் பேச முடியாது. பயம் நியாயமானது என்பதால்தான், அந்தப் பயத்துக்கு வேலை செய்யாத மருந்தைக் கொடுப்பது அநியாயம் என்கிறேன்.

கார்பாலிக் ஆசிட் என்பது ஃபீனால். பட்ட இடத்தில் தோலை வேகவைக்கும். முதலில் அந்த இடத்தை மரத்துப்போகவும் செய்வதால் வலி தெரியாது. அங்கிருந்து உடம்புக்குள்ளும் ஏறும். அது பாம்பை விரட்டும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. நெடியும் சில நாளில் பறந்துவிடும். ஆனால் அதை வாசற்படியில் தெளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அந்த நிம்மதிதான் ஆபத்து. பூண்டும் அந்துருண்டையும் சிறியாநங்கைச் செடியும் இதே ரகம். கடலை மிட்டாய் டப்பாவுக்கு வெளியே எறும்பு மருந்து தடவிவிட்டு மூடியைத் திறந்தே வைக்கிற மாதிரி.

பாம்பு எங்கே இருக்கும் என்பது நம்மைவிடப் பாம்பு பிடிக்கும் இருளர்களுக்கு நன்றாகத் தெரியும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டில் நச்சுமுறிவு மருந்து பெரும்பாலும் தயாராகிறது. வயலில் அவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது எலி வளையை. எலி இருந்தால் பாம்பு இருக்கும். உங்கள் கொல்லையிலும் கணக்கு அதுதான். மீந்த சோறும் எலும்பும் கொட்டும் உரக்குழி, திறந்து கிடக்கும் கோழித்தீவனம், மூடி உடைந்த சாக்கடை, வீடு கட்டியபோது மிஞ்சி மதிலோரம் அடுக்கிய செங்கல், மழைக்குப் போர்த்திய விறகு. பாம்புக்கு இரையும் இடமும் அங்கே தயாராக இருக்கிறது. செங்கலை அப்புறப்படுத்தி, உரத்தொட்டிக்குக் கம்பிவலை அடித்து, சாக்கடைக்கு மூடி போட்டால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. எலிக்கு விஷம் வைப்பது குறுக்கு வழி என்று தோன்றும். அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும், அப்புறம் எலி பிடிக்க யார் வருவார்கள்?

சாரையை அடித்துக் கொல்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அதற்கு நஞ்சு கிடையாது. அது எலி தின்னும் பாம்பு. நாகத்துக்குச் சாரை ஜோடி என்ற கதையை நம்பி, ஒன்றைக் கண்டால் இன்னொன்றும் வரும் என்று அடிக்கிறார்கள். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள், ஜோடி சேர்வதில்லை. சாரையைக் கொன்ற கொல்லையில் எலி மிஞ்சும். அடுத்து அந்த எலியைத் தேடி வருவது நாகமாகவும் இருக்கலாம். எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கட்டிலும் படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலையும் அதற்குப் பாதுகாப்பு. கதவடியில் இடைவெளி இருந்தால் அடைக்க வேண்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது 'சுத்தம்' கட்சிக்காரர்கள் மடக்குவார்கள். "நீங்களே மண்ணை மூடச் சொன்னீர்கள். மூடினால் அதற்குள் விரியன் ஒளியாதா?" நல்ல கேள்வி. ஒளியும், காய்ந்த இலைக் குவியல் என்றால் கண்ணாடி விரியனுக்கு இன்னும் வசதி. ஆகவே வாசல், நடைபாதை, குழாயடி, குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றைச் சுற்றி நாலைந்து அடிக்குப் புல்லைக் குட்டையாக வெட்டி, இலை மூடாக்குப் போடாமல் பார்வை படும்படி வைக்க வேண்டும். அந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரி. அந்த நாலடியை நாற்பதடி ஆக்கி, மனை முழுவதையும் பொட்டலாக்குவதில்தான் பிசகு. கால் வைக்கும் இடமும் கீரை வளரும் இடமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே சட்டம் போட்டால் ஒன்றுக்கும் உதவாது.

ஆப்பிரிக்க நத்தைக் கதையும் இதே பாட்டில் புத்திதான். 1847-ல் வில்லியம் பென்சன் என்பவர் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்டது இன்று நம் பப்பாளிக் கன்றை ராவோடு ராவாக மொட்டையடிக்கிறது. உடனே பாத்தியைச் சுற்றி உப்புக் கோடு; மழை வந்தால் கோடு கரைந்து பாத்திக்குள் போகும். மழை பெய்த இரவில் டார்ச்சோடு போய்க் கையுறை போட்டுப் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புத் தண்ணீரில் போடுங்கள். உப்புக்கு இடம் வாளி, மண் இல்லை. அந்த நத்தை எலியின் நுரையீரல் புழுவைச் சுமக்கக்கூடியது என்பதால் கீரையை நன்றாகக் கழுவ வேண்டும். செம்போத்து வரும் கொல்லையில் உங்கள் வேலை கொஞ்சம் குறையும். அது நத்தையைக் கொத்தித் தின்னும். ஆனால் செம்போத்துக்கு ஒதுங்க அடர்ந்த புதர் வேண்டும், பேவர் கல்லில் அது கூடு கட்டாது.

குரங்கையும் மயிலையும் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. திறந்த குப்பைத்தொட்டியும் பழம் நீட்டும் பக்தியும் இருக்கும் தெருவில் குரங்கு இருக்கும். வெடி இரண்டு நாளைக்குத்தான் பயமுறுத்தும். நாற்றங்காலுக்கு வலையும் பழத்துக்குப் பையும் போட்டால் மயிலும் மரநாயும் ஓரளவு அடங்கும். மயிலுக்கு விஷம் வைப்பவர் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி சிறைக்குப் போவார், போகத்தான் வேண்டும்.

பேவர் கல்லுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கல்லுக்கு இடையே உள்ள சந்தில் கோரை வரும், மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடும், கோடையில் முற்றம் அடுப்பாகும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மண்ணை மூடிவிட்டு, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கக் குழாய் பதிக்கிறோம்.

வடகிழக்கு மழைக்கு முன்னால் இன்னும் நாள் இருக்கிறது. கார்பாலிக் வாங்க வைத்திருக்கும் பணத்தில் சாக்கடைக்கு ஒரு மூடியும் உரத்தொட்டிக்குக் கம்பிவலையும் வாங்குங்கள். மதிலோரச் செங்கலை, தேள் இருக்கலாம் என்பதால் கையுறையோடு, பகலில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். காலியாகக் கிடக்கும் பாத்தியில் தட்டைப்பயறை நெருக்கி விதையுங்கள். உப்பை அடுக்களையிலேயே விட்டு வையுங்கள்.